ஒரு போல்ட் குறைகிறது

அத்தியாயம் 5

வெள்ளை ஆம்னி வேனுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. கால்களுக்குச் சொந்தக்காரியான துப்பறிவாளர் வித்யா உள்ளே போய் இருபது நிமிடம் ஆகிவிட்டது.

சாம் வாட்சைப் பார்த்தான். மணி ஒன்றே கால்.

"மேடம், உள்ளயே குடி போய்ட்டீங்களா? ரேஷன் கார்டுல அட்ரஸ் மாத்திடட்டுமா?"

"டார்ச்சை இப்படிக் காட்டு. வாயை மூடு."

"ரெண்டு வேலையையும் ஒண்ணா செய்ய முடியாது மேடம். ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

டார்ச் காட்டினான். வாயை மூடவில்லை. அனுப்பம்பட்டில் பிறந்த நாளிலிருந்து சாம் வாயை மூடியதாக அவன் அம்மாவே சொன்னது கிடையாது. பொன்னேரியில் வித்யாவின் ஒற்றை அறை ஆபீசில் உதவியாளனாகச் சேர்ந்த இந்த ஒன்றரை வருடத்தில் அது இன்னும் அதிகமாகித்தான் இருந்தது.

ஆனால் இன்றைக்கு அவனே வாட்சை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நாலு மணிக்குக் கோட்டைக்குப்பம் ஊர்க்கூட்டம். அதற்குள் உண்மை வெளியே வராவிட்டால் கஸ்தூரியம்மாளின் மகன் மோகன்குமாரின் பெயரைப் பாடு பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். பழவேற்காடு ஏரியில் இன்ன நாளில் இன்னார், இன்ன இடத்தில் வலை விடலாம் என்று ஊர் வகுத்து வைத்திருக்கும் முறைக்குப் பெயர்தான் பாடு. பட்டியலில் பெயர் இல்லாதவன் ஏரியில் கால் நனைக்கலாம், வலை நனைக்க முடியாது.

குற்றம் என்ன? சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, லைட்ஹவுஸ் குப்பத்து மீனவர் சங்க ஷெட்டிலிருந்து புத்தம்புது போட் இன்ஜின் ஒன்று காணாமல் போனது. பார்த்த சாட்சி, கஸ்தூரியம்மாளின் பக்கத்து வீட்டுச் சிங்காரம். "கஸ்தூரியோட வெள்ள வேன் ஷெட் வாசல்ல நின்னுச்சி. மோகன் இன்னாத்தையோ ஏத்திகினு இருந்தான். என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்று அன்று சாயங்காலமே ஊர் நடுவில் நின்று சொல்லிவிட்டான்.

கஸ்தூரியம்மாளின் பதில் ஒரே வரி. சனிக்கிழமை பகல் பூராவும் அந்த வேன் கிளட்ச் கழற்றிய நிலையில் அவள் வீட்டு வாசலில் கல் மேல் நின்றது. யார் கழற்றியது என்று ஊர் கேட்டது. நான்தான் என்றாள். ஊர் சிரித்தது. எந்த மெக்கானிக் என்று மறுபடி கேட்டது. நான்தான்யா என்றாள். இன்னும் பலமாகச் சிரித்தது.

அடங்குகிற பொம்பளையா அவள்? விடியற்காலையில் இறால் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அந்த ஓட்டை வேனைத் தானே ஓட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகிறவள். அன்றைக்கே வித்யாவுக்குப் போன் போட்டாள். வித்யா இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வண்டி சர்வேயராக இருந்த காலத்தில், கஸ்தூரியம்மாளின் வேன் மழையில் கவிழ்ந்தபோது நியாயமாக ரிப்போர்ட் எழுதிய பழக்கம்.

கால்கள் அசைந்தன. வித்யா வெளியே வந்தாள். நெற்றியில் கிரீஸ், தலையில் மணல், கண்ணில் மட்டும் ஒரு திருட்டுச் சந்தோஷம்.

கஸ்தூரியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "இன்னா மேடம், நீயும் சிரிக்கப் போறியா?"

"ஒரே ஒரு கேள்வி. புது கிளட்ச் பிளேட்டைச் சரியா நடுவுல நிறுத்தலைன்னா கியர் பாக்ஸ் உள்ள ஏறாது. அதுக்குன்னு ஒரு டூல் இருக்கு. உன்கிட்ட இருக்கா?"

"இல்ல."

"அப்புறம்?"

"கழி முனையச் சீவிக்கினேன். பெரிசா போய்ட்சி. மறுபடி சீவினேன், சிறுசா போய்ட்சி. அதும்மேல டேப்பு சுத்தி சுத்தி, ஓட்டைல டைட்டா போற வரிக்கும் பாத்தேன். பிளேட்ட அதுல கோத்து நடுவுல நிறுத்திட்டு, ஆறு போல்ட்டையும் எதிரெதிரா முடுக்கினேன். அப்பவும் கியர் பாக்ஸ் ஏறல. நானும் மோகனும் மல்லாக்கப் படுத்துகினு ஒரு மணி நேரம் முட்டினோம். அழுகையே வந்துட்சி மேடம். அப்பால வண்டிய டாப் கியர்ல போட்டு, பின்னாடி ஷாஃப்ட் சொருவற எடத்த லேசா திருப்பினேன். டக்குனு உள்ள பூந்துச்சி."

வித்யா சாமைப் பார்த்தாள். "இது படிச்சு ஒப்பிக்கற விஷயம் இல்ல சாம். முட்டினவங்களுக்குத்தான் தெரியும். கிளட்ச் மாத்தினது இவங்கதான்."

"அப்ப கேஸ் முடிஞ்சுது. நாலு மணிக்கு முன்னாடி ஒரு பிரியாணி..."

"யார் மாத்தினாங்கங்கறது முடிஞ்சுது. என்னிக்கு மாத்தினாங்கங்கறது முடியல. வேன் வெள்ளிக்கிழமை வழியில நின்னு, ஆறு பேர் தள்ளிக்கிட்டு வந்ததை ஊரே பாத்திருக்கு. ராத்திரியே எவனோ மெக்கானிக் வந்து சரி பண்ணிட்டான், சனிக்கிழமை காலையில வண்டி ஓடிச்சுன்னு சிங்காரம் சொல்றான். இல்லைன்னு சொல்ல யாராவது இருக்காங்களா?"

இருக்க வாய்ப்பில்லை. கஸ்தூரியம்மாளின் வீடு குப்பத்தின் கடைசி. அதற்கப்புறம் சவுக்குத் தோப்புதான். பக்கத்தில் இருப்பது சிங்காரத்தின் வீடு ஒன்றே. அவன் மனைவி ராஜம்மா சனிக்கிழமை மகளைப் பார்க்கப் பொன்னேரிக்குப் போய்விட்டாள்.

"கஸ்தூரி, கியர் பாக்ஸைக் கீழ இறக்கினியே, எது மேல இறக்கின?"

"கல்லு மேல."

சட்டென்று வந்தது பதில். கொஞ்சம் அதிகமாகவே சட்டென்று வந்தது.

வித்யா விரலை நீட்டினாள். நகக்கண் அளவுக்கு ஒரு பச்சை நைலான் நூல், நடுவில் ஒரு முடிச்சோடு. "இது கியர் பாக்ஸ் விளிம்புல மாட்டிக்கிட்டு இருந்துச்சு. அந்த அலுமினியத்துல ஒரு கல் கீறல்கூட இல்ல. அப்புறம் இன்னொண்ணு. கியர் பாக்ஸை இன்ஜினோட சேக்கற போல்ட் எல்லாம் துருப்பிடிச்சுக் கிடக்கு. ஒண்ணு மட்டும் பளபளன்னு ஸ்டீல்ல இருக்கு. படகுக்குப் போடற போல்ட். பழைய போல்ட் எங்க?"

கஸ்தூரியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏரிப் பக்கம் பார்த்தாள்.

"பச்சை வலை உன்னோடதா?"

"எங்களுது ஊதா."

வித்யா மேற்கொண்டு நெருக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பக்கம் நடந்தாள். சாம் பின்னாலேயே ஓடினான்.

சிங்காரத்தின் வீட்டு வாசலில் வலை உலர்த்தும் நான்கு கழிகள் காலியாக நின்றன. ராஜம்மா நெத்திலியைப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தாள். வம்பு தெரியாத முகம்.

"அக்கா, தண்ணி கிடைக்குமா?" என்றான் சாம். "எங்க மேடம் வேனுக்கு அடியில படுத்து வறண்டு போய்ட்டாங்க. அப்படியே விட்டா இந்தப் பாயிலயே காயப் போட்டுடலாம்."

ராஜம்மா சிரித்துக்கொண்டே சொம்பைக் கொண்டுவந்தாள்.

"கழி காலியா இருக்கே, வலை எங்கம்மா?" வித்யா தண்ணீரைக் குடித்துக்கொண்டே கேட்டாள். "உங்க பாடு என்னிக்கு?"

"ஒருநாள் உட்டு ஒருநாள். எங்களுக்கும் கஸ்தூரி வூட்டுக்கும் ஒரே செட்டு. வெள்ளிக்கெழம போனோம், ஞாயித்துக்கெழம போனோம். நாளிக்கு மறுபடி. ஞாயித்துக்கெழம மட்டும் எங்க வூட்டுக்காரரு எங்க அண்ணன் வலைய வாங்கிகினு போனாரு."

"ஏன், சொந்த வலை இல்லையா?"

"இல்லாம இன்னா? பாதி வலை நான் பின்னினது. பச்ச நூலு. அது கெடக்கட்டும்னு வெச்சிட்டாரு. ஏன்னு கேட்டா எரிஞ்சி வுழறாரு."

"வலைன்னா அவருக்கு உசுராச்சே?" என்றான் சாம், குத்துமதிப்பாக.

"ஐயோ, அத்த ஏன் கேக்கற தம்பி! போன மாசம் எவுனோ சைக்கிள வலை மேல சாச்சிட்டான்னு தெருவையே ரெண்டாக்கிட்டாரு. மூணு நாளு சண்ட!"

வித்யா சொம்பைத் திருப்பிக் கொடுத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சவுக்குத் தோப்பு ஓரம் வந்ததும்தான் நின்றாள்.

"சைக்கிளுக்கு மூணு நாள் சண்டை போட்டவன், இப்ப சொந்த வலையை மூலையில போட்டுட்டு மச்சான் வலையில மீன் பிடிக்கறான். வாயைத் திறக்க மாட்டேங்கறான். ஏன் சாம்?"

"திருந்திட்டான்?"

"உன்னை மாதிரி ஆளுங்கதான் திருந்தவே மாட்டீங்களே."

இருவரும் திரும்பி வந்தபோது கஸ்தூரியம்மாள் வேன் படியில் உட்கார்ந்திருந்தாள். வித்யா அவள் எதிரே மணலிலேயே உட்கார்ந்தாள்.

"நானே சொல்றேன். தப்பா இருந்தா நிறுத்து. கியர் பாக்ஸ் கனம். கீழ விழுந்தா விளிம்பு உடையும். மெத்தை மாதிரி ஏதாவது வேணும். உன் வலை ஈரமா படகுல கிடந்துச்சு. சிங்காரம் வெள்ளிக்கிழமை பாடு முடிஞ்சு வந்து, சனிக்கிழமை காலையில வலையைக் கழியில காயப் போட்டுட்டுப் போயிருந்தான். அதை எடுத்து மடிச்சு, அது மேல இறக்கின. பின்னாடி போற ஷாஃப்ட்டை உருவினதும்..."

"ஆயில் கொட்டிட்சி," என்றாள் கஸ்தூரியம்மாள். "மொதல்ல ஆயில வடிக்கணும்னு எனக்குத் தெரியாது மேடம். நான் போன்ல பாத்துப் பாத்துச் செஞ்ச வீடியோல அத்த வேகமா ஓட்டிட்டான். மொத்தமும் வலை மேல. மண்ணப் போட்டுத் தேச்சேன். போவல. அழுக்கு உள்ள போற மாதிரி மடிச்சி கழிலயே மாட்டிட்டேன். போல்ட்டெல்லாம் வலை மேலதான் வெச்சிருந்தேன். ஒண்ணு எங்கியோ பூந்துட்சி. தேடினேன், கெடைக்கல."

"இதை ஏன் ஊர்ல சொல்லல?"

"எப்படிச் சொல்லுவேன்? அடுத்தவன் வலையக் கேக்காம தொடறதே தப்பு. அதுல ஆயில ஊத்தினேன்னா? எறா கிட்டக்க வருமா அந்த வலைக்கு? எங்க ஊர்ல இதுக்குத் தண்டன உண்டு. திருட்டுப் பட்டம் போதாதுன்னு இதையும் தலைல சொமக்கணுமா? அவுரு இன்னும் பாக்கல போலக் கீது, பாத்தா கொன்னுடுவாருனு பயந்துகினு கீறேன்."

"பாத்துட்டான்," என்றாள் வித்யா. "பாத்ததாலதான் வாயைத் திறக்கல."

கஸ்தூரியம்மாள் நிமிர்ந்தாள்.

"சனிக்கிழமை சாயங்காலம் நீ வேனை ஓட்டிப் பாத்தியா?"

"அஞ்சரைக்கு. பாலம் வரிக்கும் போய்ட்டு வந்தேன்."

"அதை அவன் பாத்திருக்கான். வண்டி ஓடுது, அப்ப ராத்திரியே மெக்கானிக் வந்து சரி பண்ணிருப்பான்னு கணக்குப் போட்டுட்டான். நீயே பகல்ல உக்காந்து மாத்திருப்பேன்னு அவன் புத்திக்கு எட்டல. ஊர் நடுவுல நின்னு பதினோரு மணிக்கு வேனைப் பாத்தேன்னு சொல்லிட்டு வீட்டுக்கு வந்தா, வலை பூரா கியர் ஆயில். சத்தம் போட்டா, என்னிக்கு ஆச்சுன்னு ஊர் கேக்கும். சனிக்கிழமைன்னு சொன்னா அவன் பொய் சாட்சி. அதனால வலையை ஒளிச்சுட்டான்."

சாம் விசிலடித்தான். "பொம்பளையால முடியாதுன்னு நெனச்சே மாட்டிக்கினான் மனுஷன்."

"ஆனா வலையை வெளியே கொண்டுவரணும்னா நீ கூட்டத்துல உன் தப்பை ஒத்துக்கணும் கஸ்தூரி. நான் சொன்னா எடுபடாது. உன் வாயால வரணும்."

கஸ்தூரியம்மாள் உள்ளங்கையைப் பார்த்தாள். ரேகைக்குள் கறுப்பு இன்னும் போகவில்லை. எழுந்து புடவை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"செஞ்சத செஞ்சேன்னு சொல்றதுக்கு எனக்கு இன்னா பயம்? வா மேடம்."

நாலு மணிக் கூட்டம் கோயில் முன்னால் கூடியது. ஆண்கள் நடுவில், பெண்கள் ஓரமாய். ஊர்த் தலைவர் ஆதிகேசவன் மடியில் பாடு பட்டியல் எழுதிய நோட்டு, கையில் பேனா. சிங்காரம் முன் வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். பட்டியலில் ஓர் இடம் காலியானால் அடுத்து ஏறப்போகும் பெயர் அவனுடைய மகனுடையது. இந்த ஊரில் அது எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் யாரும் அதை இந்த விஷயத்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

"கஸ்தூரி, கடைசியா சொல்லு. எந்த மெக்கானிக்?" என்றார் ஆதிகேசவன்.

கஸ்தூரியம்மாள் பெண்கள் பக்கத்திலிருந்து நடந்து நடுவில் போய் நின்றாள். முணுமுணுப்பு எழுந்தது. அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"மெக்கானிக் எவனும் வர்ல. சனிக்கெழம காத்தால நான் கியர் பாக்ஸ எறக்கினேன். சிங்காரத்தோட வலைய, கேக்காம கொள்ளாம எடுத்து, அது மேல எறக்கினேன். ஆயிலக் கொட்டி வலைய நாசம் பண்ணேன். தப்புதான். தண்டன குடுங்க, வாங்கிக்கிறேன். ஆனா அந்த வலைய இங்க கொண்டாரச் சொல்லுங்க."

எல்லாத் தலையும் சிங்காரத்தின் பக்கம் திரும்பியது.

"இன்னா உட்டாலக்கடி வேல காட்ற?" சிங்காரம் துள்ளி எழுந்தான். "என் வலைல ஒண்ணும் கெடயாது!"

"வெள்ளிக்கிழமை அந்த வலையிலதானே மீன் பிடிச்சீங்க?" வித்யா கேட்டாள்.

"ஆமா. அதுக்கின்னா?"

"அன்னிக்கு வலை சுத்தமா இருந்துச்சா?"

கூட்டத்தில் இருந்த நாலு பேர் பதில் சொன்னார்கள், கூட இருந்து இழுத்தவர்கள். சுத்தமாகத்தான் இருந்ததாம்.

"ஞாயித்துக்கிழமை?"

"மச்சான் வலைல போனேன். என் இஷ்டம்!"

"அப்ப உங்க வலை எங்க?"

"கிழிஞ்சிட்சி. தூக்கிக் கடல்ல போட்டுட்டேன்."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அலறல் கிளம்பியது. ராஜம்மா!

"யோவ்! கை நோவ நோவ நான் பின்னின வலைய்யா அது! கடல்ல போட்டியா? நேத்துகூட பழைய போட்டுக்கு அடியில சுருட்டி வெச்சிருந்தத பாத்தேனே! கிட்ட போனதுக்குக் கல்லால அடிக்க வந்தியே!"

சிங்காரம் மனைவியை முறைத்தான். பிரயோஜனம் இல்லை. ஆதிகேசவன் இரண்டு பேரை அனுப்பினார்.

ஐந்து நிமிடத்தில் வரவேண்டியவர்கள் பதினைந்து நிமிடமாகியும் வரவில்லை. "வலையை எடுக்கப் போனாங்களா, பின்னப் போனாங்களா?" என்று சாம் முணுமுணுத்தான்.

வந்தார்கள். ஒருவன் தோளில் பச்சை வலை. இன்னொருவன் தனியாக வரவில்லை. வழியில் வேறொரு ஆளைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, தார்ப்பாயில் சுற்றிய ஒரு கனமான பொருளைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தான்.

"தலைவரே, வலைக்கு அடியில இதுவும் இருந்துச்சி."

தார்ப்பாய் விலகியது. உள்ளே, ஸ்டிக்கர்கூடப் பிரிக்காத போட் இன்ஜின்.

கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. ராஜம்மா வாயில் கை வைத்தபடி மணலில் உட்கார்ந்துவிட்டாள். சிங்காரம் ஓடப் பார்த்தான். சாம் காலை லேசாக நீட்டினான். ஆள் குப்புற விழுந்தான்.

"மன்னிச்சுக்கணும் நைனா, காலு மரத்துப் போச்சு," என்றான் சாம்.

வித்யா இன்ஜினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வலையைப் பிரித்தாள். கறுப்பாய் ஒரு ஆள் நீளத்துக்குக் கறை. மடிப்பு மடிப்பாக உதறினாள். மூன்றாவது மடிப்பில், கண்ணியில் சிக்கிக்கொண்டு தொங்கியது ஒரு துருப்பிடித்த போல்ட். வேனிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்த இன்னொன்றை அதன் பக்கத்தில் வைத்து ஆதிகேசவனிடம் நீட்டினாள். ஒரே நீளம், ஒரே தலை.

"வெள்ளிக்கிழமை சுத்தமா இருந்த வலை ஞாயித்துக்கிழமை தண்ணிக்குப் போகல. நடுவுல ஒரே ஒரு நாள்தான் இருக்கு தலைவரே. அந்த நாள்ல வேனோட கியர் பாக்ஸ் இந்த வலை மேல கிடந்துச்சு."

ஆதிகேசவன் போல்ட்டைக் கையில் உருட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் வெட்கம் அப்பட்டமாகத் தெரிந்தது.

"மோகன்குமார் பேரு இருக்கும். வலையத் தொட்டதுக்கு நாளிக்கி ஒரு பாடு நிறுத்தம். சம்மதமா கஸ்தூரி?"

"சம்மதம்."

"சிங்காரம் பேரு போச்சு. அவன் வூட்டுக்கே இனிமே ஏரில எடம் கெடயாது. பையன் பேரும் அடுத்த வரிசைல இருக்கக் கூடாது." பேனாவைத் திறந்து நோட்டைப் புரட்டினார். கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. ராஜம்மா அழக்கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நிறுத்துங்க."

கஸ்தூரியம்மாள்தான். நடுவில் போய் நின்ற இடத்திலிருந்து நகரவே இல்லை.

"சிங்காரத்த அடிங்க. நல்லா ரெண்டு கோடு போட்டு அடிங்க. அந்தப் புள்ள இன்னா பண்ணான்? அவன் இன்ஜினத் திருடினானா? பொய்ச் சாட்சி சொன்னானா?"

"கஸ்தூரி, உனக்கு நல்லதுதானே செய்றோம்..."

"எனக்கு எவுரும் நல்லது செய்ய வாணாம். செய்யாத தப்புக்கு என் புள்ள ரெண்டு நாளு சோறு தின்னாம கெடந்தான். அத்த நான் பாத்தேன். இப்ப ராஜம்மா பாக்கணுமா?" அவள் விரல் நோட்டை நோக்கி நீண்டது. "அந்தப் பையன் பேர அடிக்கறதா இருந்தா, மோகன் பேரையும் சேத்து அடிங்க. வேனு ஓடுது, கிளச்சு புதுசு. ஏரி இல்லாட்டி ரோடு கீது எனக்கு."

ஆதிகேசவன் நோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சிங்காரத்தின் பெயர் மேல் ஒரே ஒரு கோடு போட்டார். பிறகு பேனாவை மூடினார்.